சட்டம் மாத்தணும்னா மட்டும் என்னைக் கேளு

தேனீ வளர்ப்புக்கு ஆள் கிடைப்பது எங்கள் பக்கம் கஷ்டமே இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தைச் சுற்றி எந்த ஊரில் விசாரித்தாலும் கொட்டுக்குப் பயப்படாத நாலு பேர் இருப்பார்கள். அப்படிக் கிடைத்த ஆள் பல வருஷம் கழித்தும் ஈக்களை அடக்கப் புகை போடுகிற ஆளாகவே இருப்பதுதான் தொல்லை. பெட்டிக்காரர் மூடியைத் திறப்பார், தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்கி வெயிலுக்குக் காட்டுவார், "ம்" என்பார், மூடிவிடுவார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று கூட நின்றவருக்குக் கடைசி வரை தெரியாது. பெட்டிக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் தொழிலும் சேர்ந்து படுத்துவிடும்.

எங்கள் வீடு அருமனைப் பக்கம். பெட்டிகள் களியல், கடையாலுமூடு, திற்பரப்பு என்று பல ரப்பர் தோட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. அப்பா காலத்துத் தொழில். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கைத்தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. அங்கிருந்துதான் இந்தப் பகுதி முழுக்கப் பெட்டி பரவியது. 2023ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. சொல்லிக்கொடுப்பதன் மூலமே வளர்ந்த ஒரு தொழிலில் பெட்டிக்காரர்கள் இவ்வளவு வாய்மூடிகளாக இருப்பது ஏன் என்று நான் யோசித்ததுண்டு. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை காரணம் தெரியும்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த 1991, 92 வாக்கில் தாய் (தாய்லாந்து) சேக்புரூட் என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் வந்தது. கேரளத்திலும் நம் மாவட்டத்திலும் பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி போய்விட்டது. கூட்டுப்புழு ஆகும் முன்பே புழு அறைக்குள் மல்லாந்து செத்துக் கிடக்கும். ஊசியால் தூக்கினால் உள்ளே தண்ணீர் நிறைந்த பை மாதிரி முழுசாக வரும். நோய் கண்ட பெட்டியின் சட்டத்தை எடுத்து நல்ல பெட்டியில் வைத்தால் அதுவும் போயிற்று. அப்பாவின் பெட்டிகளில் எந்தச் சட்டம் எங்கிருந்து எங்கே போனது என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் அவர் வேறு யாரையும் மூடியில் கை வைக்க விடவில்லை. அம்மாவும் கடைசி வரை புகை மட்டும்தான் போட்டாள்.

அப்பாவுக்குப் பின் பெட்டிகள் என் கைக்கு வந்தன. வீட்டுக்காரர் வளைகுடாவில். ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்ள முடிகிற அளவு வரைக்கும் பிரச்சினை இல்லை. பெட்டி பெருகப் பெருக சிக்கல் ஜனவரியில்தான் தெரியும். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடுகிற சமயம் அது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மூன்று இலைகளும் காம்போடு சேருகிற இடத்தில் தளிரில் சுரக்கும். ஒரு தோட்டத்தில் தளிர் வந்தால் பக்கத்துத் தோட்டத்திலும் ஏறக்குறைய அதே வாரம் வரும். எல்லாப் பெட்டியிலும் ஒரே சமயம் தேன் நிறையும். நான் இருப்பதோ ஒருத்தி.

எனக்கு வாய்த்தவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒரு பையன். விடியுமுன் வெட்டப் போய், பால் எடுத்து, ரப்பர் சீட் அடித்துப் போட்டுவிட்டுப் பதினொரு மணி போல வந்துவிடுவான். தளிர் காலத்தில் பெரும்பாலான தோட்டங்களில் வெட்டை நிறுத்திவைப்பார்கள் என்பதால், எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும் மாதங்களில் அவனுக்கு ஓய்வு. பெட்டி வைத்திருப்பவர்கள் ஆள் தேடினால் பால்வெட்டுக்காரரைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பட்டையில் மில்லிமீட்டர் கணக்கில் கத்தி ஓட்டுகிற கைக்கு அடையைத் தூக்கும் நிதானம் தானாகவே இருக்கும்.

ஆனால் ஜனவரியில் ஆளைக் கூட்டிவந்து ஜனவரியிலேயே பொறுப்பைக் கொடுக்க முடியாது. தேன் வரும் காலத்தில் கற்றுக்கொடுக்கப் பொறுமையும் இருக்காது, தப்பு நடந்தால் நஷ்டமும் பெரிது. அதனால் நான் ஜூனில் தொடங்கினேன். மழை பிடித்த பிறகு ஈக்களுக்கு வெளியே ஒன்றும் கிடைக்காது, சர்க்கரைப்பாகு வைத்துத்தான் ஓட்ட வேண்டும். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, ஒரு சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காமல் இருக்க இரண்டு ஈர்க்குச்சி போட்டு உள்ளே வைப்பது. இதில் தப்பினால் அதிகபட்சம் கொஞ்சம் சர்க்கரை வீணாகும்.

வேலை கொடுப்பது என்றால் என்ன என்று எனக்கு ஒரு தெளிவு வந்தது இந்தப் பாகு விஷயத்தில்தான். "ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிரட்டை வை" என்று சொல்லியிருந்தால் அவன் வைத்திருப்பான். அது அவன் கையை வாடகைக்கு எடுத்தது போலத்தான். நான் சொன்னது இவ்வளவுதான்: "களியல் தோட்டத்துப் பாகு முழுசா ஒனக்க பொறுப்பு மக்களே. எந்தப் பெட்டிக்கு எவ்வளவு, என்னைக்கு வைக்கணும், எல்லாம் நீயே பாத்துக்கிடு. மழைக்காலம் முடியும்போது ஒரு பெட்டியும் காலியாகியிருக்கக் கூடாது." இரண்டு எச்சரிக்கை மட்டும் கூடவே கொடுத்தேன். ஒன்று, பாகு வெளியே சிந்தக் கூடாது, சிந்தினால் பலமான பெட்டி ஈக்கள் மெலிந்த பெட்டியைக் கொள்ளை அடிக்கக் கிளம்பிவிடும். இரண்டாவது, சாயங்காலம் எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். அவன் பலமான பெட்டிகளுக்குக் குறைத்து, மெலிந்தவற்றுக்குக் கூட்டி ஊற்றுவது என்று தானாகவே ஒரு முறை வைத்துக்கொண்டான். நானாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஊற்றியிருப்பேன், யோசிக்க நேரமில்லாமல்.

அடுத்த படி, பார்த்துச் சொல்வது. இது பாகு ஊற்றுவதைவிடக் கஷ்டம். திறந்து பார்த்துவிட்டு வருவான். "எப்படி இருக்கு?" "நல்லா இருக்குக்கா." இந்த "நல்லா இருக்கு" இருக்கிறதே, அதில் ஒரு தகவலும் கிடையாது. கேள்வியை மாற்றினேன். முட்டை உண்டா? எத்தனை சட்டத்தில்? மெழுகால் அறை மூடின புழு எவ்வளவு? ராணியைத் தேடி நேரத்தைக் கழிக்காதே என்றும் சொன்னேன். அறைக்குள் முட்டை நின்றால் மூன்று நாளைக்குள் அங்கே ராணி இருந்திருக்கிறாள் என்று அர்த்தம். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும், கணக்கு அவ்வளவுதான். முட்டை இல்லை, சின்னப் புழு உண்டு என்றால் வேறு கதை. இரண்டும் இல்லை என்றால் உடனே கவனிக்க வேண்டிய கதை.

இதை அவன் பிடித்துக்கொண்ட விதம் ரசிக்கும்படி இருந்தது. பெட்டி மூடியில் கரித்துண்டால் குறி போட ஆரம்பித்தான். முட்டை பார்த்தால் ஒரு புள்ளி, புழு மட்டும் என்றால் ஒரு கோடு, இரண்டும் இல்லை என்றால் பெருக்கல் குறி. நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. தோட்டத்துக்குள் நடந்து போனாலே எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மழை பெய்தால் கரி அழியும் என்பதைத் தவிர வேறு குறை இல்லை. இப்போது பெயின்ட் மார்க்கர் வாங்கிவிட்டோம்.

குறி பழகின பிறகு கேள்வியில் ஒரு வார்த்தை கூட்டினேன்: "சரி, நீ என்ன செய்வே?" என் பதிலைச் சொல்வதற்கு முன்னாலேயே இதைக் கேட்டுவிட வேண்டும். நாம் ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் அவன் சொல்வதெல்லாம் நம் பதிலுக்கு ஆமாம் போடுவதாகத்தான் இருக்கும். முதலில் தலையைச் சொறிவான், "நீங்க சொல்லுங்கக்கா" என்பான். நான் வாயைத் திறக்காமல் நிற்பேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று புரியும். தோட்டத்தில் அவன் பெட்டியைத் திறக்கும்போது தள்ளி, சீட் அடிக்கும் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வேன். பக்கத்தில் நின்றால் கை தானாகச் சட்டத்துக்குப் போகும். கை எட்டாத தூரத்தில் உட்கார்வது ஒன்றுதான் எனக்குப் பலித்த வைத்தியம்.

இப்படிப் படிப்படியாக வேலை கொடுப்பதை ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னபோது, "தேனீயே அப்படித்தானே" என்றார் ஒருவர். வேலைக்கார ஈ பிறந்ததும் முதலில் அறையைச் சுத்தம் செய்யும், அப்புறம் புழுவுக்கு ஊட்டும், அப்புறம் அடை கட்டும், வாசல் காக்கும், கடைசியில்தான் வெளியே தேனுக்குப் போகும். நிஜம்தான், கேட்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் கூட்டுக்குள் யாரும் யாருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பதில்லை, ராணி உட்பட. அவள் முட்டையிடுவதோடு சரி. அறையைச் சரியாகச் சுத்தம் செய்யாத ஈ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. எனக்குத் தோட்டக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும், வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஈயிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு, ஆள் மேய்ப்பது அதில் சேராது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூட்டம் பெருகும் காலம், ஒரு பெட்டிக் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிற காலம். இந்தத் தொழிலில் கை நடுங்க வைக்கிற வேலை இதுதான். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சில பெட்டிகளை மட்டும் அவனிடம் விட்டேன், அதுவும் நல்ல பலமான பெட்டிகளை. மெலிந்ததைக் கொடுத்துப் பழகச் சொல்வது நியாயமே இல்லை. அது எப்படியும் போகும், பழி அவன் மேல் விழும்.

ஒரு பெட்டியைப் பிரித்தால் ஒரு பாதியில் பழைய ராணி, மறு பாதியில் புது ராணி வளரும் ராணி அறை. நான் நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அறுத்துவிடுவேன், அப்பாவின் வழக்கம் அது. அவன் இரண்டு விட்டான். "ஏன்?" என்றேன். "ஒண்ணு பொய்யாப் போனா இன்னொண்ணு இருக்கும்லா?" இரண்டு ராணி வெளிவந்தால் ஒன்று மற்றதைக் கொல்லும், இல்லை ஒன்று கூட்டத்தோடு பறந்துவிடும் என்பது என் பயம். அவன் வாதத்திலும் நியாயம் இருந்தது. விட்டுவிட்டேன். பிரித்தவற்றில் பல நின்றன, சில நிற்கவில்லை. போனவற்றைப் பற்றி உட்கார்ந்து பேசினோம். ஐப்பசி மழை விடாமல் பெய்த வாரத்தில் ராணி இணைசேரப் பறக்க முடியாமல் போனதும், பஞ்சுருட்டான் குருவி கொத்திக்கொண்டு போவதும் யார் செய்தாலும் நடக்கிறதுதான். ஒரு பெட்டியில் மட்டும் புழுவுக்குத் தகுந்த ஈக்களைப் பிரித்து வைக்காததால் அடை குளிர்ந்துபோயிருந்தது. அது கணிப்பில் வந்த குறை. இந்த இரண்டையும் பிரித்துப் பேசாவிட்டால், மழை செய்ததற்கும் அவன் திட்டு வாங்குவான். அடுத்த வருஷம் "நீங்களே பண்ணுங்கக்கா" என்று ஒதுங்கிவிடுவான். அடுத்த முறை இரண்டு சட்டம் ஈயைக் கூடுதலாக உதறிப்போட்டான், நான் நினைவூட்டவில்லை.

இனி ஒரு அக்காவின் கதை. தேன் எடுத்து வடிகட்டிப் பாட்டிலில் அடைக்கும் வேலைக்கு ஒரு அக்கா வருகிறார்கள். என்னைவிட மூத்தவர்கள், முந்திரி ஆலையில் பல வருஷம் பருப்பு தரம் பிரித்தவர்கள். பையனிடம் படிப்படியாகப் போன மாதிரி இவர்களிடம் போயிருந்தால் அவமானப்படுத்தியது போலாகும். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, தரம் என்றால் என்ன என்று எனக்கே சொல்லித்தருவார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒன்றுதான். அடையில் முக்கால் பங்கு அறை மெழுகால் மூடியிருந்தால்தான் தேன் பக்குவம். மூடாத அடையை எந்திரத்தில் சுற்றினால் ஈரம் கூடிப் பாட்டிலுக்குள் புளித்துப்போகும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது உணவுத் தரக் கணக்கு, நம் ரப்பர் தேன் அதற்குள் அடங்க நம்மோடு சண்டையே போடும். "மூடாத அடை வந்தா திருப்பி அனுப்பிடுங்க அக்கா, யார் கொண்டு வந்தாலும்" என்றேன்.

முதலில் திரும்பி வந்தது என் அடைதான். மழை மேகம் கண்டு அவசரமாக எடுத்து ஸ்கூட்டரில் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். அக்கா ஒவ்வொரு சட்டமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பாதியைத் தனியாக அடுக்கினார்கள். "இது வேண்டாம் பிள்ளே. திரும்பக் கொண்டுபோய் வை." நாலு கிலோமீட்டர் ஐயா, தூறலில். பையன் வேறு அங்கே நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான் "பரவாயில்ல அக்கா, இந்த ஒரு தடவை" என்று சொல்லியிருந்தால் அந்த உரிமை அங்கேயே செத்திருக்கும். கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு வரும் வழி முழுக்க அக்காவைத் திட்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உள்ளே இருப்பவர்களைவிட வெளியே இருப்பவர்களை ஒத்துக்கொள்ள வைப்பது பெரும்பாடு. தோட்டக்காரர்கள் எனக்குத்தான் போன் செய்வார்கள். மருந்து அடிக்கப் போகிறோம், பெட்டியை நகர்த்துங்கள். மரம் வெட்டப் போகிறோம். "அவன்கிட்ட சொல்லிடுங்க, அவன்தான் அந்தத் தோட்டம் பாக்கிறான்" என்றால், "எம்மோ, சின்னப் பையன்கிட்ட என்னத்தச் சொல்ல" என்பார்கள். நான் இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோகிற ஆளாக மாறினேன். அப்புறம் ஒரு வழி செய்தேன். கேட்டுக்கொள்வேன், முடிவு சொல்ல மாட்டேன், "அவன் கூப்பிடுவான்" என்று வைத்துவிடுவேன். அவனும் கூப்பிடுவான். கொஞ்ச காலத்தில் அவர்களே நேராக அவனுக்குப் போட ஆரம்பித்தார்கள்.

அப்படி அவனே பேசி முடித்த ஓர் இடத்தில், தோட்டக்காரருக்கு வழக்கமாகக் கொடுப்பதைவிட இரண்டு பாட்டில் தேன் கூடுதலாக ஒத்துக்கொண்டு வந்துவிட்டான். என் கணக்கில் அது அதிகம். கொடுத்தேன். அவன் வாயால் போன வார்த்தையை நான் போய்க் குறைத்தால், அடுத்த தடவை அந்தத் தோட்டக்காரர் யாருக்குப் போன் செய்வார்?

கூலி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வேலையைப் பகிர்வது பற்றிப் பேசுகிறவர்கள் இதைத்தான் நைசாகத் தாண்டிப் போகிறார்கள். சொன்னதைச் செய்கிறவருக்கு நாள் கூலி சரி. முடிவெடுக்கிறவருக்கும் அதே நாள் கூலி என்றால் அது நம் தலைவலியை ஓசியில் அடுத்தவர் தலையில் வைப்பது. பெட்டி பிரிக்கத் தொடங்கிய வருஷத்திலிருந்து அவன் பிரித்து நின்ற பெட்டிகளின் தேனில் அவனுக்குப் பங்கு உண்டு. அக்காவுக்குக் கூலியைக் கூட்டினேன். எனக்கும் நஷ்டம் இல்லை. நான் பார்க்க முடியாமல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நிரம்பி வழிந்து, தேன் அறை போதாமல் ஈக்கள் சும்மா இருந்த பெட்டிகள் எத்தனையோ. இப்போது அவற்றுக்கு நேரத்தில் கூடுதல் தேன் தட்டு ஏறுகிறது.

இவ்வளவும் கைமாறின பிறகும் ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியின் சட்டத்தை இன்னொரு பெட்டிக்கு மாற்றுவது. மெலிந்த பெட்டியைத் தேற்ற அதுதான் சுலப வழி, அவனும் பல தடவை கேட்டுவிட்டான். "சட்டம் மாத்தணும்னா மட்டும் என்னைக் கேளு, பாக்கி ஒனக்க இஷ்டம்" என்பது எங்களுக்குள் ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. அப்பாவின் பயம் என் கைக்குள்ளும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அவன் அதை வேறு மாதிரி பார்த்தான். "எக்கா, நீங்க பாத்து மாத்தும்போது மட்டும் நோய் வராதா?" என்று கேட்டான் ஒருநாள். பதில் சொல்ல வழி இல்லை. நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கண்தான் வேண்டும், அது யார் கண் என்பது வைரஸுக்கு முக்கியமில்லை.

அதனால் வரும் ஜூனில் இதையும் தொடங்குகிறோம். மூடி ஓட்டையான புழு அறை எது, மல்லாந்து கிடக்கும் புழு எது, மெழுகுப் பூச்சி அரித்தது எது என்று அவன் பிரித்துச் சொல்ல வேண்டும். முதலில் களியல் தோட்டத்துக்குள்ளேயே, அந்தத் தோட்டத்துப் பெட்டிகளுக்குள் மட்டும் மாற்றலாம். ஒரு தோட்டத்துச் சட்டம் இன்னொரு தோட்டத்துக்குப் போகக்கூடாது. எந்தச் சட்டம் எங்கிருந்து எங்கே போனது என்று சட்டத்தின் மேல்கட்டையில் மார்க்கரால் எழுத வேண்டும்.

நான் நிபந்தனைகளை அடுக்கி முடித்ததும் அவன் தன் பங்குக்கு ஒன்று போட்டான். சட்டத்தை நெம்பி எடுக்கத் தோட்டத்துக்குத் தோட்டம் தனி உளி வேண்டுமாம். ஒரே உளியை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தால் சட்டத்தைத் தனியாக வைத்து என்ன பிரயோஜனம் என்றான். மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் இரும்புக்கடையில் சொல்லிவைத்திருக்கிறேன், தோட்டத்துக்கு ஒன்று வீதம். பிடிக்குத் தோட்டத்துக்கொரு நிறம் பெயின்ட் அடிக்கிற வேலை அவனுடையது.